பெரிய கம்பெனிங்க போட்டியை எப்படி அமுக்குறாங்க: மார்ஜரின்ல இருந்து கூகுள் வரைக்கும்

ஒரு பெரிய கம்பெனி மேல ஏகபோக வழக்குனு செய்தி வந்தா போதும், உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ஒரு கோஷ்டி "தண்ணில ஓடுற காரையே கண்டுபிடிச்சாச்சு, எண்ணெய்க் கம்பெனிங்கதான் அமுக்கிட்டாங்க"னு ஆரம்பிச்சு உலகத்துல நடக்குற எல்லாத்துக்கும் சதினு பேர் வச்சிடும். இன்னொரு கோஷ்டி "நல்ல பொருளா இருந்தா தானா ஜெயிக்கும், ஜெயிக்கலன்னா அது நல்ல பொருளே இல்ல"னு ஒரே வரில கதையை முடிச்சிடும். ரெண்டுமே பழைய ரெக்கார்டைப் புரட்டிப் பாக்காம பேசுற பேச்சு. மாற்றுப் பொருளை அமுக்குற வேலை பெரும்பாலும் பட்டப்பகல்ல, சட்டசபைலயும் கோர்ட்லயும் ஒப்பந்தப் பத்திரத்துலயும் தேதி போட்டு கையெழுத்து போட்டு நடந்திருக்கு, அதனாலதான் இன்னைக்கு நமக்கு இவ்ளோ விவரம் கிடைக்குது. இன்னொண்ணு, அமுக்குறவங்களுக்கு அந்தப் புதுப் பொருள் செத்தே போகணும்னு அவசியம் இல்ல, லேட்டா வந்தாலே போதும்.

இந்த லேட் விஷயம்தான் பலருக்கும் பிடிபட மாட்டேங்குது, அதனால அதுக்கான அடிப்படைல இருந்து போவோம்.

அடிப்படை: எது போட்டி, எது அமுக்குறது

முதல்ல சில சொற்கள்.

1. ஏகபோகம்: ஒரு மார்க்கெட்ல விலையையும் விதியையும் ஒரே கம்பெனி முடிவு பண்ற நிலைமை. பெரும்பாலான நாட்டுச் சட்டத்துல பெருசா இருக்கிறது மட்டும் குத்தம் இல்ல, அந்தப் பெருசை வச்சு அடுத்தவன் உள்ள வர்றதைத் தடுக்கிறதுதான் குத்தம்.

2. கார்டெல்: போட்டிக் கம்பெனிங்களே உள்ளுக்குள்ள கூடிப் பேசி விலை, அளவு, தரம் இதையெல்லாம் முடிவு பண்ணிக்கிற கூட்டணி.

3. பேட்டன்ட்: ஒரு கண்டுபிடிப்பை வெளிப்படையா எழுதிக் கொடுத்ததுக்கு பதிலா, பொதுவா 20 வருஷம் மத்தவங்க அதைப் பண்ணக்கூடாதுனு அரசு கொடுக்குற உரிமை.

4. ஜெனரிக்: பேட்டன்ட் முடிஞ்ச மருந்தை வேற கம்பெனி அதே மூலப்பொருள்ல குறைஞ்ச விலைக்குப் பண்றது. உயிரணுக்களை வச்சு தயாரிக்கிற மருந்துக்கு இதே மாதிரி வர்றதை பயோசிமிலர்னு சொல்வாங்க.

சரி, ஒரு கம்பெனி விலையைக் குறைச்சு, தரத்தை ஏத்தி, போட்டியாளரைத் தோக்கடிச்சா அது அமுக்குறதா? இல்ல, அது ஆட்டம். அப்போ கோடு எங்க இருக்கு? இதுக்கு ஒரு கேள்வி ரொம்ப உதவும்: போட்டியாளர் வெளிய நிப்பார்ங்கிற பலனை எடுத்துட்டுப் பாத்தா, அந்தக் காரியத்துல கம்பெனிக்கு வேற ஏதாவது லாபம் இருக்கா?

லுண்ட்பெக்னு ஒரு டென்மார்க் மருந்துக் கம்பெனி. சிட்டலோபிராம்ங்கிற மனச்சோர்வு மருந்தோட அடிப்படை பேட்டன்ட் முடிஞ்சு, ஜெனரிக் கம்பெனிங்க உள்ள வரத் தயாரா இருந்த நேரம், 2002. லுண்ட்பெக் அவங்களுக்குப் பணம் கொடுத்து வராம நிறுத்துச்சு. அதோட விடல, அவங்க தயாரிச்சு வச்சிருந்த ஜெனரிக் சரக்கையும் காசு கொடுத்து வாங்கி அழிச்சுது. விக்கிறதுக்கு வாங்கினா வியாபாரம், அழிக்கிறதுக்கே வாங்கினா அதுல லாபம் எங்க இருந்து வருது? அந்தச் சரக்கு கடைக்குப் போகலங்கிறதுல இருந்து மட்டும்தான் வருது. ஐரோப்பிய கமிஷன் 2013ல லுண்ட்பெக்குக்கு 9.38 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு, கம்பெனி மேல மேல அப்பீல் போய் கடைசில 2021லதான் அது உறுதியாச்சு. தப்பு நடந்தது 2002, முடிவு வந்தது 2021, இந்த இடைவெளியைக் கவனிங்க.

தள்ளிப்போட்டா எவ்ளோ லாபம்: ஒரு சின்னக் கணக்கு

கற்பனைக் கணக்குதான், ஆனா லாஜிக் நிஜம். ஒரு மருந்து பழைய கம்பெனிக்கு வருஷம் 100 கோடி லாபம் தருதுனு வச்சுக்குவோம். ஜெனரிக் உள்ள வந்தா விலை விழும், பழைய கம்பெனிக்கு 20 கோடி, புதுசா வந்தவருக்கு 15 கோடி, ஆக ரெண்டு பேருக்கும் சேர்த்து 35. இப்போ பழைய கம்பெனி "நீ ஒரு வருஷம் வராதே, 30 கோடி தரேன்"னு சொன்னா என்ன ஆகும்? பழைய ஆளுக்கு 20க்கு பதிலா 70 மிஞ்சும், புது ஆளுக்கு வேலையே செய்யாம 15க்கு பதிலா 30 கிடைக்கும். ரெண்டு பேருக்கும் சந்தோஷம். கூடுதலா வந்த அந்த 65 கோடி எங்க இருந்து வந்துச்சுன்னா, மருந்து வாங்கினவங்க பாக்கெட்ல இருந்து.

ஏகபோக லாபம் எப்பவுமே போட்டி லாபங்களோட கூட்டுத் தொகையை விடப் பெருசு, அதனால தாமதத்தை விலைக்கு வாங்குறதுக்கு எப்பவும் காசு இருக்கும். இந்த டைப் ஒப்பந்தங்களை போட்டிச் சட்டத்தின் கீழ விசாரிக்கலாம்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013ல ஆக்டாவிஸ் வழக்குல சொல்லிச்சு. கவனிங்க, விசாரிக்கலாம்னுதான் சொல்லிச்சு, மொத்தமா செல்லாதுனு சொல்லல.

வழி 1: சட்டத்தைக் கொண்டு அடிக்கிறது

மிகப் பழைய, மிகப் பாதுகாப்பான வழி இது, ஏன்னா சட்டமே தடுத்துட்டா உங்க மேல யாரும் கேஸ் போட முடியாது.

இங்கிலாந்துல 17ம் நூற்றாண்டு கடைசில இந்தியாவுல இருந்து போன அச்சுப் பருத்தித் துணிக்கு பயங்கர கிராக்கி. லேசா இருக்கும், துவைச்சா சாயம் போகாது, விலையும் கம்மி. கம்பளி, பட்டு நெசவு ஆளுங்க நாடாளுமன்றத்தை நெருக்கி 1700ல இறக்குமதிக்குத் தடை வாங்கினாங்க, அப்புறமும் மோகம் குறையலன்னதும் 1721ல பெரும்பாலான பருத்தித் துணியைப் போட்டுக்கிறதே குத்தம்னு இன்னொரு சட்டம். நடுவுல 1719 வாக்குல நெசவாளிங்க தெருவுல போற பொண்ணுங்க போட்டிருந்த பருத்தி உடுப்பைக் கிழிச்ச சம்பவமெல்லாம் நடந்திருக்கு. அந்தச் சட்டம் 1774ல நீங்கிச்சு, அதுக்குள்ள இங்கிலாந்துக்குச் சொந்தமா பருத்தி நெசவுத் தொழில் எழுந்து நின்னுடுச்சு.

ஆனா சட்டத்தால அடிக்கிறதுக்குப் பாடப் புத்தகம் மாதிரியான கேஸ்னா அது மார்ஜரின்தான். 1869ல பிரான்ஸ்ல இப்போலித் மேஜ்-மூரியேஸ்னு ஒரு வேதியியலாளர், மூணாம் நெப்போலியன் அறிவிச்ச பரிசுக்காக, மலிவான வெண்ணெய் மாற்றா கண்டுபிடிச்சது. அமெரிக்காவுக்குப் போனதும் பால் பண்ணைக்காரங்களுக்கு வயித்துல புளியைக் கரைச்சிடுச்சு. அவங்க செஞ்சதை வரிசையா பாருங்க:

1. 1886ல மத்திய சட்டம். பவுண்டுக்கு 2 சென்ட் வரி, தயாரிக்கிறவருக்கு வருஷ லைசென்ஸ் 600 டாலர், மொத்த வியாபாரிக்கு 480, சில்லறைக் கடைக்கு 48. அந்தக் காலத்து 48 டாலர்னா ஒரு சின்னக் கடைக்காரர் "இந்தச் சனியனே வேணாம்"னு விட்டுடுவார், அதுதான் நோக்கமும்.

2. அடுத்து நிறத்துல கை வச்சாங்க. மார்ஜரின் இயல்பா வெளிர் நிறம், மஞ்சள் கலந்தாத்தான் வெண்ணெய் மாதிரி தெரியும். 1902ல மஞ்சள் கலந்த மார்ஜரினுக்கு வரியை 10 சென்ட்டா ஏத்தி, கலக்காததுக்கு கால் சென்ட்டா குறைச்சாங்க. மக்களை ஏமாத்தக் கூடாதுங்கிறது வெளிய சொன்ன காரணம். இதுல வேடிக்கை, குளிர்காலத்துல மாடு காஞ்ச தீவனம் சாப்பிடுறப்போ வெண்ணெயும் வெளுத்துப் போகும், அதுக்கு வெண்ணெய்க்காரங்களே சாயம் கலப்பாங்க, அதுக்கு எந்தத் தடையும் இல்ல.

3. நியூ ஹாம்ப்ஷயர் மாகாணம் ஒரு படி மேல போய் மார்ஜரினை ரோஸ் கலர்லதான் விக்கணும்னு சட்டம் போட்டுச்சு. யாரு வாங்குவா? 1898ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிச்சு.

மஞ்சள் கலந்தா வரிங்கிறதால கம்பெனிங்க வெள்ளை மார்ஜரின் கூட சாயத்தைத் தனியா கொடுத்தாங்க, வீட்டுல உக்காந்து பிசைஞ்சு கலந்துக்கணும். பின்னாடி பிளாஸ்டிக் பை, உள்ள ஒரு சின்ன சாயக் குளிகை, அதை அமுக்கி உடைச்சு பையைக் கசக்கிக் கசக்கி மஞ்சளாக்கணும். ஒரு பொருளை வாங்குறவங்களுக்குத் தொந்தரவா ஆக்குறது தடையை விட மலிவான ஆயுதம்ங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. மத்திய வரி 1950லதான் போச்சு, விஸ்கான்சின் மாகாணம் மஞ்சள் மார்ஜரினை 1967ல விட்டுச்சு, கனடால 1886ல போட்ட தடை நடுவுல சில வருஷம் தவிர 1948 வரைக்கும் இருந்துச்சு, கியூபெக்ல நிறக் கட்டுப்பாடு 2008 வரைக்கும்.

இங்க ஒண்ணு நேர்மையா சொல்லணும். அமுக்கப்பட்ட பொருள்ங்கிறதாலயே அது உத்தமப் பொருள் ஆயிடாது. ஹைட்ரஜன் ஏத்தின எண்ணெய்ல பண்ண பழைய மார்ஜரின்ல டிரான்ஸ் கொழுப்பு இருந்துச்சு, அது இதயத்துக்குக் கெடுதல்னு பிற்பாடு தெரிஞ்சுது. ஆனா பால் பண்ணைக்காரங்க 1886ல அந்தக் காரணத்துக்காகச் சண்டை போடல, அப்போ யாருக்கும் அது தெரியவும் தெரியாது.

இதெல்லாம் பழங்கதைனு நினைக்காதீங்க. சோயா மாதிரி தாவரத்துல பண்றதை "பால்"னு பேர் போட்டு விக்கக்கூடாதுனு ஐரோப்பிய நீதிமன்றம் 2017ல சொல்லிச்சு, செல்லுல இருந்து வளர்க்குற இறைச்சியை இத்தாலி 2023லயும் ஃப்ளோரிடா 2024லயும் தடை பண்ணிட்டாங்க. இதுல நுகர்வோர் அக்கறை எவ்ளோ, பண்ணையாளர் ஓட்டு எவ்ளோனு பிரிச்சுப் பாக்கணும்னா, ரோஸ் மார்ஜரின் கதை தெரிஞ்சிருந்தா கொஞ்சம் சுலபம்.

வழி 2: "பாதுகாப்பு"ங்கிற பேர்ல கதவை மூடுறது

ஒரு நெட்வொர்க் உங்க கைல இருந்தா, அதுல எது இணையலாம்னு நீங்களே விதி எழுதலாம். அமெரிக்க டெலிஃபோன் கம்பெனி ஏடி அண்ட் டி பல வருஷம் அப்படித்தான் பண்ணிச்சு. அவங்க கொடுக்காத எந்தப் பொருளையும் ஃபோன்ல மாட்டக்கூடாதுனு கட்டண விதிலயே எழுதி வச்சிருந்தாங்க.

ஹஷ்-எ-ஃபோன்னு ஒரு சின்னப் பொருள். ஃபோன்ல பேசுற வாய்ப் பக்கம் மாட்டுற ஒரு கிண்ணம், அவ்ளோதான். உள்ள கம்பி கிடையாது, கரண்ட் கிடையாது. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு நம்ம பேச்சு கேக்காது. ஏடி அண்ட் டி இதைத் தடுத்துச்சு, கேஸ் தகவல் தொடர்பு ஆணையத்துக்குப் போச்சு. குரல் தரம் கெடுது, பொதுச் சேவைக்குப் பாதிப்புனு கம்பெனி வாதாடி, ஆணையமும் 1955ல கம்பெனி பக்கம் சாஞ்சிடுச்சு. 1956ல மேல் கோர்ட் அதைத் தூக்கிப் போட்டுச்சு. கோர்ட் கேட்டது ரொம்ப சாதாரணமான கேள்வி: கையைக் குவிச்சு வாய்கிட்ட வச்சுப் பேசினாலும் இதே விளைவுதானே, அதைப் பண்ணலாம், கையை ஃப்ரீயா விடுற ஒரு கிண்ணத்தை மாட்டக்கூடாதுன்னா அதுல என்ன நியாயம்?

ஒரு கிண்ணத்துக்கு ஏன் இவ்ளோ பெரிய கம்பெனி வருஷக்கணக்கா வக்கீல் வச்சுச்சுன்னா, கிண்ணம் முக்கியம் இல்ல, விதி முக்கியம். வெளியாள் பொருளை ஒரு தடவை மாட்ட விட்டா அடுத்து என்னென்ன வரும்னு அவங்களுக்குத் தெரியும். வந்துச்சு. 1968ல கார்ட்டர்ஃபோன்ங்கிற இன்னொரு வெளியாள் கருவி பத்தின தீர்ப்பு கதவை முழுசா திறந்துச்சு, அதுக்கப்புறம்தான் வெளிக் கம்பெனிங்களோட ஆன்சரிங் மெஷின், ஃபேக்ஸ், மோடம் எல்லாம் சாதாரண ஃபோன் லைன்ல தாராளமா வர ஆரம்பிச்சுது. டெலிஃபோன்ல பேச்சைப் பதிவு பண்ற காந்த நாடா மெஷினை ஏடி அண்ட் டியோட ஆராய்ச்சிக்கூடமான பெல் லேப்ஸ்லயே 1930கள்ல பண்ணி வச்சிருந்தாங்க. பேச்சு பதிவாகும்னு தெரிஞ்சா ஜனங்க ஃபோன் பண்ணவே தயங்குவாங்கனு பயந்து மேலிடம் அதை வெளிய விடல. தன் வீட்டுக்குள்ளயே பிறந்த போட்டியையும் அமுக்கலாம் பாருங்க.

எஃப்எம் ரேடியோ கதையும் இந்த வகைதான். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933ல பேட்டன்ட் வாங்கி 1935ல பொதுமேடைல காட்டினார், இரைச்சலே இல்லாத ஒலி. பழைய ரேடியோ முறையான ஏஎம்ல முதலீடு போட்டு, அடுத்து டிவிக்குத் தயாராகிட்டு இருந்த ஆர்சிஏ கம்பெனிக்கு இதுல ஆர்வம் இல்ல. 1945ல ஆணையம் எஃப்எம்மை 42–50 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 88–108க்கு மாத்திச்சு. வளிமண்டல இடையூறைத் தவிர்க்கனு காரணம் சொன்னாங்க, ஆனா அதனால ஜனங்க வாங்கி வச்சிருந்த எஃப்எம் செட் எல்லாம் ஒரே உத்தரவுல வெறும் பெட்டி ஆச்சு, நிலையங்களும் மொதல்ல இருந்து செலவு பண்ண வேண்டி வந்துச்சு. பேட்டன்ட் சண்டைலயே பணமும் உடம்பும் கரைஞ்சு ஆர்ம்ஸ்ட்ராங் 1954ல தற்கொலை பண்ணிக்கிட்டார். அவர் மனைவி வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி ஜெயிச்சாங்க, கடைசி வழக்கு முடிஞ்சது 1967ல.

வழி 3: பேட்டன்ட் வேலி

பேட்டன்ட்டுக்கு 20 வருஷம்தான், ஆனா ஒரே பொருளைச் சுத்தி நூறு பேட்டன்ட் போட்டா? ஹுமிரானு மூட்டுவாதத்துக்கான ஊசி மருந்து. அமெரிக்கால முக்கிய பேட்டன்ட் 2016ல முடிஞ்சுது, ஆனா ஆப்வி கம்பெனி டோஸ், தயாரிப்பு முறை, கலவைனு நூறுக்கும் மேல பேட்டன்ட் சேர்த்து வச்சிருந்ததால பயோசிமிலர்காரங்க சமரசத்துக்கு வந்து 2023 ஜனவரி வரைக்கும் காத்திருந்தாங்க. ஐரோப்பால அதே மருந்துக்கு 2018லயே போட்டி வந்துடுச்சு. அமெரிக்க அப்பீல் கோர்ட் 2022ல, நிறைய பேட்டன்ட் வச்சிருக்கிறது மட்டும் போட்டிச் சட்டத்தை மீறினதா ஆகாதுனு சொல்லிடுச்சு. அதாவது இது சட்டப்படி ஓகே. அமுக்குறதுல பெரும்பகுதி சட்டவிரோதமே இல்லங்கிறதுதான் இந்த சப்ஜெக்ட்ல ஜீரணிக்கக் கஷ்டமான பகுதி.

எல்லா நாட்டுச் சட்டமும் ஒரே மாதிரி விடுறதில்ல. இந்திய பேட்டன்ட் சட்டத்துல 3(டி)னு ஒரு பிரிவு இருக்கு, தெரிஞ்ச பொருளோட புது வடிவத்துக்கு, மருந்தோட பலன் கூடலன்னா பேட்டன்ட் கிடையாதுங்கிறது அதோட சாரம். ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் கேட்ட பேட்டன்ட்டை சென்னை பேட்டன்ட் ஆபீஸ் மறுத்து, சுப்ரீம் கோர்ட் 2013 ஏப்ரல் 1ம் தேதி அந்த மறுப்பை உறுதி பண்ணது இந்தப் பிரிவை வச்சுத்தான்.

வழி 4: வாங்கி மூலைல போடுறது

போட்டியாளர் குழந்தையா இருக்கும்போதே வாங்கிடுறது. இதுல மோசமான கேஸ் ஆக்தார். குழந்தைங்களுக்கு வர்ற ஒரு வகை வலிப்புக்கான பழைய மருந்து, 2001ல ஒரு குப்பி சுமார் 40 டாலர், பிற்பாடு அதோட விலை 34,000 டாலருக்கு மேல போச்சு. எழுத்துப் பிழை இல்ல, அதே மருந்துதான். வேற நாடுகள்ல சினாக்தென்னு அதுக்கு இணையான ஒரு மருந்து மலிவா வித்துட்டு இருந்துச்சு. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவர வேற சில கம்பெனிங்க உரிமை கேட்டுட்டு இருந்தப்போ, ஆக்தார் கம்பெனியான குவெஸ்ட்கோர் 2013ல கூடுதல் விலை வச்சு அந்த உரிமையைத் தானே வாங்கிடுச்சு. போட்டியே முளைக்காம போச்சு. பிற்பாடு குவெஸ்ட்கோரை வாங்கின மாலின்க்ராட் 2017ல 10 கோடி டாலர் கட்டி, சினாக்தென் உரிமையை வேற கம்பெனிக்குக் கொடுக்க ஒத்துக்கிட்டுச்சு.

டெக் உலகத்துல வாங்குறதும் மூடுறதும் எப்பவும் ஒண்ணா நடக்கிறதில்ல. ஃபேஸ்புக் 2012ல இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கும் 2014ல வாட்ஸ்அப்பை 1900 கோடி டாலருக்கும் வாங்கிச்சு, ரெண்டும் செத்துப் போகல, பெருசாத்தான் ஆச்சு. அப்போ அங்க எது அமுங்குச்சு? தனியா வளர்ந்திருந்தா ஃபேஸ்புக்குக்குப் போட்டியா வந்திருக்கக்கூடிய ரெண்டு கம்பெனி. நடக்காததை நிரூபிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு யோசிங்க. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2020ல போட்ட வழக்குல 2025 நவம்பர்ல மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் கம்பெனியோட இப்போதைய பேர்) சாதகமா தீர்ப்பு வந்துச்சு, டிக்டாக்கும் யூடியூபும் இருக்கிற இன்னைய மார்க்கெட்ல மெட்டாவை ஏகபோகம்னு நிரூபிக்கலனு நீதிபதி சொல்லிட்டார்.

வழி 5: வழில உக்காந்துக்கிறது

மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்துல கம்ப்யூட்டர் கம்பெனிங்களோட போட்ட ஒப்பந்தத்துல, மெஷின்ல எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டாலும், விக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்குக் காசு கட்டணும். அப்போ வேற கம்பெனியோட சிஸ்டம் போட்டா ரெண்டு தடவை செலவு, யாரு போடுவா? 1994ல அரசோட போட்ட சமரசத்துல அதை நிறுத்தினாங்க.

கூகுள் பண்ணது இதோட நாகரிகமான வடிவம். 2021ல மட்டும் ஃபோன், பிரவுசர்கள்ல தன் தேடலே டிஃபால்ட்டா இருக்கிறதுக்கு 2630 கோடி டாலர் கொடுத்திருக்கு. மாத்த யாருக்கும் தடை இல்ல, செட்டிங்ஸ்ல போய் மாத்திக்கலாம், ஆனா மாத்துறவங்க ரொம்பக் கம்மினு கொடுக்கிறவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் தெரியும். மார்ஜரின் பையைக் கசக்க வச்ச அதே தொந்தரவுக் கணக்கு. 2024 ஆகஸ்ட்ல இது சட்டவிரோத ஏகபோகம்னு அமெரிக்க நீதிபதி தீர்ப்பு கொடுத்தார், 2025 செப்டம்பர்ல பரிகாரம் சொன்னப்போ தன்னோட குரோம் பிரவுசரை கூகுள் விக்க வேண்டாம், பிரத்தியேக ஒப்பந்தம் மட்டும் கூடாது, சில டேட்டாவைப் போட்டியாளர்களோட பகிர்ந்துக்கணும்னு முடிச்சுக்கிட்டார்.

வழி 6: நல்ல மாற்று இருந்தும் பேசாம இருக்கிறது

பெட்ரோல்ல ஈயம் கலந்த கதை இது. 1920கள்ல கார் இன்ஜின் "நாக்" ஆகுற (உள்ள எரிபொருள் தாறுமாறா எரிஞ்சு தட்டுற) பிரச்னைக்கு, ஆல்கஹால் கலந்தா சரியாகும்னு ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர்களுக்கே தெரியும். ஆனா ஆல்கஹாலை யார் வேணா காய்ச்சலாம், பேட்டன்ட் கிடையாது, அளவும் நிறைய கலக்கணும், அப்படிக் கலந்தா அந்த அளவுக்குப் பெட்ரோல் விற்பனை குறையும். 1921 டிசம்பர்ல தாமஸ் மிட்ஜ்லி டெட்ராஎத்தில் லெட் கண்டுபிடிச்சார், துளி கலந்தா போதும், உரிமையும் கம்பெனி கைல. ஈயம் விஷம்னு அப்பவே உலகத்துக்குத் தெரியும், அதனால "எத்தில்"னு பேர் வச்சு ஈயம்ங்கிற சொல்லே இல்லாம வித்தாங்க. 1924ல நியூ ஜெர்சி ஆலைல தொழிலாளிங்க அஞ்சு பேர் புத்தி பேதலிச்சுச் செத்துப் போனாங்க. விற்பனையை நிறுத்தி, 1925ல அரசு மாநாடு கூட்டி, 1926ல திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் இந்த ஆராய்ச்சியே பெரும்பாலும் தொழில் காசுல நடந்துச்சு, "கெடுதல்னு நிரூபிங்க, அப்புறம் பாப்போம்"ங்கிறதுதான் நிலைப்பாடு. கடைசி நாடா அல்ஜீரியா ஈயப் பெட்ரோலை நிறுத்துனது 2021ல. கண்டுபிடிச்சதுல இருந்து நூறு வருஷம்.

எது கட்டுக்கதை, எது பாதி உண்மை

தண்ணில ஓடுற கார்: இதை யாரும் அமுக்கல, அமுக்க எதுவும் இல்ல. தண்ணிங்கிறது ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச ஹைட்ரஜன், சாம்பலைத் திரும்ப எரிக்கப் பாக்குற மாதிரிதான். அதைப் பிரிக்க ஆகுற சக்தி, திரும்ப சேரும்போது கிடைக்கிறதை விடக் கம்மியா இருக்கவே முடியாது. இந்தக் கதையோட பிரபல ஆளான ஸ்டான்லி மேயரை 1996ல ஒஹாயோ கோர்ட் மோசடினு சொல்லி முதலீட்டாளர் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிச்சு.

டிராம் வண்டியை ஒழிச்ச ஜெனரல் மோட்டார்ஸ்: பாதி உண்மை. ஜெனரல் மோட்டார்ஸும் சில டயர், எண்ணெய்க் கம்பெனிங்களும் சேர்ந்து நேஷனல் சிட்டி லைன்ஸ்ங்கிற கம்பெனி மூலமா நகரப் போக்குவரத்துகளை வாங்கி, அதுக்கு பஸ், டயர், எண்ணெய் எல்லாம் தங்ககிட்டயே வாங்கணும்னு வச்சதுக்கு 1949ல தண்டனை கிடைச்சுது. ஆனா தண்டனை அந்த சப்ளை ஏகபோகத்துக்குத்தான், டிராம் தொழில் அதுக்கு முன்னாடியே சரிவுல இருந்துச்சு. அபராதம் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 5000 டாலர், அதோட பொருளாளருக்கு 1 டாலர். ஆமா, ஒரே ஒரு டாலர்.

பல்பு கார்டெல்: நடந்தது உண்மை. ஓஸ்ராம், ஃபிலிப்ஸ் மாதிரி பெரிய கம்பெனிங்க 1924ல ஜெனீவால ஃபீபஸ்னு கூட்டணி போட்டு பல்பு ஆயுளை 1000 மணி நேரமா நிறுத்தினாங்க, அதுக்கு மேல எரிஞ்சா பல்பு செஞ்ச கம்பெனிக்கு அபராதம். ஆனா இழை பல்புல ஆயுளைக் கூட்டினா வெளிச்சம் குறையும், கரண்ட் வீணாகும், அதனால 1000 மணி நேரம் முட்டாள்தனமான அளவு இல்லனு 1951ல பிரிட்டிஷ் ஆணையமே சொல்லிச்சு. அளவு நியாயமா இருக்கலாம், ஆனா வேற அளவு வேணும்னு யாருக்காவது தோணினா அதை விக்கவே விடாம கூடிப் பேசி முடிச்சது நியாயம் ஆகாது.

இனிமே இந்த மாதிரி ஏதாவது ஃபார்வர்டு வந்தா கேக்க வேண்டியது இதுதான்:

1. அந்தப் பொருள் இயற்பியல்படி சாத்தியமா? இல்லன்னா மேல படிக்க வேண்டாம்.
2. தடுத்தாங்கன்னா எந்தச் சட்டம், எந்த ஒப்பந்தம், எந்த வழக்கு, எந்த வருஷம்? "மர்மமா காணாம போச்சு"ன்னா சந்தேகப்படுங்க.
3. வேற நாட்டுல அது வித்துச்சா? ஹுமிரா மாதிரி, சினாக்தென் மாதிரி ஒரு இடத்துல கிடைச்சு இன்னொரு இடத்துல கிடைக்கலன்னா அங்க நிச்சயம் ஒரு கதை இருக்கு.
4. தாமதத்தால ஒவ்வொரு வருஷமும் யாருக்கு எவ்ளோ லாபம்?

சட்டம் ஏன் எப்பவும் பின்னாடியே ஓடுது

போட்டிச் சட்டம் பெரும்பாலும் தப்பு நடந்தப்புறம் வந்து விசாரிக்கிற சட்டம். விசாரணைக்கு சில வருஷம், அப்பீலுக்கு சில வருஷம், அதுக்குள்ள மார்க்கெட்டே மாறிடும், மாறினதைக் காட்டியே கம்பெனி தப்பிச்சுக்கும், மெட்டா வழக்குல பாத்தோமே. அபராதமும் தாமதத்தால வந்த லாபத்தை விடக் கம்மின்னா, அது தண்டனை இல்ல, செலவுக் கணக்குல ஒரு வரி.

இதை மாத்தத்தான் ஐரோப்பா டிஜிட்டல் மார்க்கெட்ஸ் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, பெரிய தளங்களுக்கு 2024 மார்ச்ல இருந்து நடைமுறைல இருக்கு. இதுல தப்பு நடந்துச்சானு பாத்துட்டு இருக்கிறதில்ல. தன் பொருளை முன்னாடி காட்டாதே, ஆப் பண்றவங்க வெளிய மலிவான ஆஃபர் இருக்குனு சொல்ல விடு, வேற ஆப் ஸ்டோரை அனுமதினு முன்கூட்டியே பட்டியல் கொடுத்துடுறாங்க. 2025 ஏப்ரல்ல முதல் அபராதம் வந்துச்சு, ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ, மெட்டாவுக்கு 20 கோடி. ரெண்டு கம்பெனியும் அப்பீல் போயிருக்காங்க.